பின்னால் வருகிறவர் தெரிகிறாரா? சாதா பைக்கில் கூட்டமாக மண் ரோடு போவது எப்படி

வாணியம்பாடியிலிருந்து கிளம்பி ஆலங்காயம் தாண்டினால் ஜவ்வாது மலை ஏற ஆரம்பித்துவிடும். காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரைக்கும் தார் ரோடு. அதை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் சிற்றூர்களுக்குப் போகும் செம்மண் பாதைகள்தான். பன்னிரண்டு வருஷமாக, மழை மாதங்கள் தவிர, மாதத்தில் ஒரு ஞாயிறாவது நாங்கள் அங்கே இருப்போம். எங்களில் யாரிடமும் மண் ரோட்டுக்கென்று செய்த வண்டி கிடையாது. என்னுடையது பல்சர் 150. மற்றவர்களிடம் இரண்டு ஸ்பிளெண்டர், ஒரு ஷைன், ஒரு யூனிகார்ன், ஒரு கிளாசிக் 350. திங்கட்கிழமை காலையில் அதே வண்டியில்தான் வேலைக்குப் போக வேண்டும்.

எனக்கு ஊரில் சின்ன வெல்டிங் பட்டறை. மண் ரோட்டுக்கு எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு தம்பிகள் வருவார்கள். இருக்கிற வண்டியே போதும், முதலில் கூட வருகிற ஆட்களைப் பற்றி யோசி என்பேன். அதற்குக் காரணம் உண்டு.

ஆரம்ப காலத்தில் நாங்கள் எட்டுப் பேர் போவோம். யார் முன்னால், யார் பின்னால் என்ற கணக்கெல்லாம் இல்லை. ஒரு தடவை இறக்கத்து வளைவில் பொடிமண்ணில் வழுக்கிக் கடைசியாக வந்த நண்பர் விழுந்தார். கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது, சூடான சைலென்சர் கெண்டைக்காலைச் சுட்டுவிட்டது. நாங்கள் நான்கு கிலோமீட்டர் முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தோம். போனில் சிக்னல் கிடையாது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியும் அவர் பேரனும்தான் வண்டியைத் தூக்கி அவரை வெளியே எடுத்தார்கள். நாங்கள் திரும்பிப் போய்ப் பார்க்கும்போது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. அந்தத் தழும்பு இன்னும் அவர் காலில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு விதி வைத்தோம். இன்றுவரை மாற்றவில்லை. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் ஒரே ஒரு வண்டிக்குப் பொறுப்பு. பாதை பிரியும் இடம் எதுவானாலும், பின்னால் வருகிறவரின் விளக்கு கண்ணில் படும்வரை அங்கேயே நிற்க வேண்டும். அவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் திரும்ப வேண்டும். நேர்ப் பாதையிலும் சும்மா விடுவதில்லை. கண்ணாடியில் ஒரு நிமிஷத்துக்கு மேல் அவரைக் காணோம் என்றால் நிறுத்திவிட வேண்டும். அவ்வளவுதான் விதி. ஆறாவது ஆள் நின்றால் ஐந்தாவது ஆள் நிற்பார், அவரைக் காணாமல் நான்காவது ஆள் நிற்பார். கொஞ்ச நேரத்தில் முதல் வண்டிக்கே செய்தி போய்ச் சேர்ந்துவிடும். போனும் வேண்டாம், ஹாரனும் வேண்டாம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் விளக்கு தானாகவே எரிந்துகொண்டிருக்கும். பழைய வண்டிக்காரர்கள் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். தூசிக்குள் அது ஒன்றுதான் தெரியும்.

நின்று பார்த்தும் ஐந்து நிமிஷமாக வரவில்லையா? ஒருவர் மட்டும் திரும்பிப் போங்கள். எல்லோரும் திரும்பினால் குறுகலான பாதையில் எதிரெதிரே மோதிக்கொள்ள நேரும்.

ஆள் கணக்கு ஆறுக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பத்துப் பேர் போனால் பாதி நேரம் காத்திருப்பதிலேயே போய்விடும், பின்னால் வருகிறவர்கள் தூசியைத்தான் தின்பார்கள். பாதை தெரிந்தவர் முதலில் போகட்டும். புதிதாக வருகிறவரை இரண்டாவதாக விடுங்கள். முன்னால் போகிறவர் எந்தத் தடத்தைப் பிடிக்கிறார் என்று பார்த்தே பாதி கற்றுக்கொள்வார், முதல் ஆளும் அவர் வேகத்துக்கே போவார். கடைசியில் வருகிறவர் கூட்டத்திலேயே நன்றாக ஓட்டத் தெரிந்தவராகவும், ரிப்பேர் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். சாமான் பை அவரிடம்தான் இருக்கும். மண் ரோட்டில் பின்னால் ஆள் ஏற்ற வேண்டாம்.

இடைவெளியைத் தூசியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முன்வண்டி கிளப்பிய புழுதி அடங்கி, தரை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தள்ளி வாருங்கள். பக்கவாட்டில் காற்றடித்தால் சீக்கிரம் விலகும். காற்றே இல்லாத நாளில் நூறு மீட்டர்கூடப் போதாது.

சரி, வண்டிக்கு வருவோம். சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். டயர் பட்டன்கள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் டயரை மாற்றாமல் வராதீர்கள். செயின் தொய்வு 25லிருந்து 30 மில்லிமீட்டர் இருக்கட்டும். இறுக்கமாக விட்டால் பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது செயின் முறுக்கேறிப் பல்சக்கரத்தைத் தின்னும். அப்புறம் நட்டு, போல்ட். நம்பர் பிளேட், சைலென்சர் பிடி, கண்ணாடித் தண்டு, மட்கார்டு, இவையெல்லாம் தார் ரோட்டு அதிர்வுக்குப் பழகியவை. மண் ரோட்டில் இரண்டு மணி நேரத்தில் கழன்றுவிடும். பட்டறைக்காரன் என்பதால் சொல்கிறேன், உடைந்து வருகிற பிடிகளில் பெரும்பாலானவை முதலில் போல்ட் லூசாகி ஆடி, பிறகு விரிசல் விட்டவைதான். ஒரு ஸ்பேனர் திருப்பில் முடிகிற வேலையை வெல்டிங்குக்குக் கொண்டுவர வேண்டாமே.

காற்று விஷயத்தில் பலர் தப்புச் செய்கிறார்கள். மண் ரோட்டுக்குக் காற்றைக் குறைக்க வேண்டும் என்று எங்கேயோ கேட்டுவிட்டுப் பாதியை இறக்கிவிடுவார்கள். என் பல்சருக்குத் தனியாகப் போனால் காற்றழுத்தம் முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ. மண்ணில் நான் முன்னால் 22, பின்னால் 25 வைப்பேன், அதற்குக் கீழே போக மாட்டேன். நம் வண்டி டயர்கள் மெலிசு. ரொம்பக் குறைத்தால் கல்லில் அடிபடும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி இரண்டு ஓட்டை விழும், ரிம்மும் நெளியும். காற்றை இறக்குவது சுலபம், திரும்ப ஏற்றத்தான் மலைமேல் கடை தேட வேண்டும். ஆகவே ஒரு கால் பம்பு கையோடு இருந்தால்தான் காற்றில் கை வையுங்கள்.

சாமான் பையில் பம்போடு, டியூப்லெஸ் பஞ்சர் ஒட்டும் குச்சிகள், டயர் நெம்பி, ஒரு ஸ்பேர் டியூப். ஸ்பிளெண்டருக்கு முன்னும் பின்னும் ஒரே 18 அங்குலச் சக்கரம் என்பதால் ஒரு டியூப் இரண்டுக்கும் உதவும். கிளட்ச் கேபிள் கட்டாயம். அதைப் பையில் வைப்பதைவிட, ஓடுகிற கேபிளுக்குப் பக்கத்திலேயே இன்னொன்றைச் சேர்த்துக் கட்டிவைத்துவிட்டால் அறுந்ததும் முனைகளை மாற்றினால் போதும். ஸ்பார்க் பிளக், 10, 12, 14 ஸ்பேனர்கள், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். பெட்ரோல் ஆலங்காயத்திலேயே நிரப்பிவிடுங்கள். மண் ரோட்டில் முதல் இரண்டு கியரிலேயே போவதால் மைலேஜ் நன்றாகக் குறையும்.

உடைக்குப் பெரிதாகச் செலவு வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரை போட்ட முழு ஹெல்மெட், கணுக்காலை மூடும் ஷூ. நான் பட்டறையில் போடும் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூவையே போட்டுக்கொள்கிறேன். கையுறை மெல்லிய தோலில் இருக்கட்டும், தடித்ததாக இருந்தால் லீவரை உணர முடியாது. தோல் பதனிடும் எங்கள் ஊரில் தோலுக்கு என்ன பஞ்சம்!

இனி ஓட்டுவது. உட்கார்ந்தே ஓட்டினால் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் இறங்கும். ஃபுட்ரெஸ்டில் பாதத்தை ஊன்றி, முழங்கால்களால் டேங்கைப் பிடித்து, இருக்கையிலிருந்து நாலு விரற்கடை எழும்பி நில்லுங்கள். நம் வண்டிகளில் ஹேண்டில் தாழ்வாக இருப்பதால் முழுக்க எழுந்து நின்றால் குனிய வேண்டிவரும், பாதி எழுந்தால் போதும். உடம்பின் எடை காலில் இருக்க வேண்டும், கையில் இருக்கக் கூடாது. ஹேண்டிலைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடியுங்கள். கொஞ்சம் ஆடத்தான் ஆடும், ஆடட்டும். புதிதாக வருகிறவர்கள் அந்த ஆட்டத்துக்குப் பயந்து இறுக்கிப் பிடிப்பார்கள், அப்போதுதான் விழுவார்கள்.

பொடிமண் வந்தால் அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். உள்ளே போன பிறகு பிரேக் வேண்டாம், ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்துக்கொண்டே வெளியே வாருங்கள். பார்வை இருபது முப்பது மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் கிடக்கும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி நேராக அதில்தான் போய் ஏறும். டிராக்டர் போட்ட தடத்தில் இறங்கிவிட்டால் அதிலேயே போங்கள், நடுவில் சாய்வாக ஏறி வெளியே வரப் பார்க்காதீர்கள். கல்லுக்கு எனக்கு ஓர் அளவு உண்டு. நம் வண்டிகளின் அடிவயிறு தரையிலிருந்து ஏறக்குறைய ஆறரை அங்குல உயரம். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை என் கை ஏழு அங்குலம். அந்த உயரத்தை நெருங்குகிற கல் தெரிந்தாலே சுற்றிப் போய்விடுவேன்.

இறக்கம்தான் ஆபத்து. என் நண்பர் விழுந்ததும் இறக்கத்தில்தான். முதல் கியரோ இரண்டாவது கியரோ போட்டு, கிளட்சைப் பிடிக்காமல், இன்ஜின் பிடியிலேயே வண்டியை இறக்குங்கள். பின் பிரேக்கை மெதுவாக, முன் பிரேக்கை இரண்டு விரலால் லேசாக. சரளை வளைவில் முன் பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற, 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, இருக்கும். தார் ரோட்டில் அது உயிர் காக்கும் சங்கதி. ஆனால் உதிரி மண் இறக்கத்தில் சக்கரத்தை விட்டு விட்டுப் பிடிப்பதால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். சிறிய வண்டிகள் பலவற்றில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுக்கும், பதறாமல் பிரேக்கை விட்டுப் பிடிக்க வேண்டும்.

ஓடை குறுக்கிட்டால் முதலில் ஒருவர் இறங்கி நடந்து பாருங்கள். கெண்டைக்கால் பாதி நனைந்தால் போகலாம், முழங்காலைத் தொட்டால் திரும்பிவிடுங்கள். முதல் கியரில் நிதானமாக, ஆக்சிலேட்டரை விடாமல் கடக்க வேண்டும். நடுவில் வண்டி அணைந்துவிட்டால் செல்ஃப் பட்டனை அழுத்தாதீர்கள். தண்ணீர் இன்ஜினுக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கடந்த பிறகு பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டிக் காய வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நாங்கள் மலைப்பாதைக்குப் போவதில்லை. நனைந்த செம்மண் சோப்புத் தேய்த்த தரை மாதிரி ஆகிவிடும். அதைவிட, நாம் உழுதுவிட்டுப் போன தடம் காய்ந்து இறுகி, அந்த ஊர்க்காரர்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் முடியாதபடி நிற்கும். தை, மாசிதான் நல்ல காலம்.

பங்குனிக்கு மேல் புல் காய்ந்துவிடும். சூடான சைலென்சரோடு காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தவே கூடாது, வெறும் தரையாகப் பார்த்து நிறுத்துங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறப் போனவர்களை எப்படிப் பலி வாங்கியது என்று எல்லோருக்கும் தெரியும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். எந்தப் பாதை ஊருக்குப் போகிறது, எது காட்டுக்குள் போகிறது என்பது போன் மேப்பில் தெரியாது. டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "அண்ணா, இது ஊர் ரோடா, ஃபாரஸ்டா?" என்று கேட்டுவிடுங்கள். ஃபாரஸ்ட் என்றால் வேறு பாதை.

ஊர் நெருங்கினால் ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட வேண்டும். நாம் கிளப்பும் புழுதி அவர்கள் சோற்றில் விழும். அறுப்புக் காலத்தில் சாமையோ ராகியோ பாதையில் காயப் போட்டிருப்பார்கள். அது அவர்கள் வருஷத்துச் சாப்பாடு. அதன்மேல் ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், இடமில்லை என்றால் கேளுங்கள், அவர்களே ஒதுக்கித் தருவார்கள். அன்று எங்கள் நண்பரைக் காப்பாற்றிய பாட்டி இருக்கும் ஊருக்கு நாங்கள் இன்னமும் போகிறோம். தேனும் புளியும் அங்கேதான் வாங்குகிறோம், விலை பேசுவதில்லை.

யாராவது விழுந்தால் முதலில் வண்டியின் சாவியை அணைத்துவிட்டு, ஆளைத் தூக்காமல் பேச்சுக் கொடுங்கள். கழுத்து வலிக்கிறது என்றாலோ, பதில் தெளிவாக வரவில்லை என்றாலோ, அசைக்காமல் வைத்திருந்து 108க்குச் சொல்லுங்கள். மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டையும் கழற்ற வேண்டாம். சிக்னல் இல்லையென்றால் ஒருவர் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போக வேண்டும். வரும் வழியில் கடைசியாக எங்கே சிக்னல் இருந்தது என்பதை நான் மீட்டர் ரீடிங்கோடு கவனித்து வைத்துக்கொள்வேன்.

நேரக் கணக்கு இதுதான். விடியற்காலை 4.45க்குப் பட்டறை வாசலில் கூடுவோம். வெயில் ஏறுமுன் மண்ணில் இறங்கிவிட்டால் பாதி களைப்பு மிச்சம். மூன்று மணிக்கு எங்கே இருந்தாலும் தார் ரோட்டைப் பார்த்துத் திரும்பிவிடுவோம். சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், மேய்ச்சலுக்குப் போன மாடுகளும் அப்போதுதான் வீடு திரும்பும். நாங்கள் விழுந்ததெல்லாம் பெரும்பாலும் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான், களைப்பில்.

ஆலங்காயம் வந்ததும் எல்லோரும் காற்றைத் திரும்ப ஏற்றிக்கொள்வோம். 22லேயே தார் ரோட்டில் வேகமாகப் போனால் டயர் சூடாகும், வளைவில் வண்டி அலையும். பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, போல்ட்டுகளை ஒரு சுற்றுத் தொட்டுப் பார்த்துவிட்டு, வந்த வரிசையிலேயே ஊர் திரும்புவோம். வீட்டுக்கு வந்ததும் செயினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள். செம்மண் ஒட்டியபடியே ஒரு வாரம் ஓடினால் செயின் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதற்குள் போனில் ஒவ்வொருவராக "வந்துட்டேன்" என்று போட்டிருப்பார்கள். ஆறு வந்துவிட்டதா என்று எண்ணிவிட்டுத்தான் குளிக்கப் போவேன்.