நம்பை அரேயில் நிலைப்புள்ளிக் கணக்கு: கியூ15 செய்முறை

நான் எழுதும் ஃபில்டர்கள் கார்டெக்ஸ் எம்0 மாதிரி, ஃப்ளோட் (தசம எண்) கணக்குக்கென்று தனி வன்பொருள் இல்லாத சில்லுகளில் ஓடியாக வேண்டும். அதனால் எதையும் முதலில் பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பையில் முழு எண்களாகவே ஓட்டிப் பார்த்துவிடுவேன். கணினியில் வேகம் கூடும் என்று நினைத்து இதில் இறங்காதீர்கள். முழு எண் மேட்ரிக்ஸ் பெருக்கலுக்கு நம்பை, பிளாஸ் என்ற வேகமான மேட்ரிக்ஸ் கணக்கு நூலகத்தைக் கூப்பிடுவதில்லை. ஃப்ளோட்டைவிட மெதுவாகத்தான் போகும். சில்லில் வரப்போகிற விடை பிட் பிசகாமல் இங்கேயே தெரிய வேண்டும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

ஒரு 16 பிட் முழு எண்ணை, 32768-ஆல் வகுத்த மதிப்பாகப் பாவித்துக்கொள்ளும் நிலைப்புள்ளி வடிவம்தான் கியூ15. −1 முதல் 0.99997 வரை அடங்கும். சரியாக +1 அடங்காது. ஃப்ளோட் அரேயை (எண் வரிசையை) 32768-ஆல் பெருக்குங்கள், ரின்ட் போட்டு முழுமையாக்குங்கள், கிளிப் கொண்டு −32768, 32767 எல்லைக்குள் நிறுத்துங்கள், பிறகுதான் இன்ட்16 (16 பிட் முழு எண்) ஆக்குங்கள். ரின்ட்டை விட்டுவிட்டால் 0.7 (22937.6) 22938 ஆவதற்குப் பதில் 22937 ஆகிவிடும். கிளிப்பை விட்டால் 1.0 போய் −1 ஆக வந்து நிற்கலாம்.

மாறியின் பெயரிலேயே கியூ15, கியூ12 (4096-ஆல் வகுத்த மதிப்பு) என்று எழுதிவிடுங்கள். நம்பைக்கு ஸ்கேல் (எதனால் வகுக்க வேண்டும் என்பது) தெரியாது, இரண்டையும் கேள்வி கேட்காமல் கூட்டிவிடும். கூட்டும் முன் கியூ15-ஐ மூன்று பிட் வலப்பக்கம் தள்ளிக் கியூ12 ஆக்குவது உங்கள் பொறுப்பு.

ஒரே ஸ்கேலாக இருந்தாலும் கூட்டல் பத்திரமானது இல்லை. 0.6 என்பது 19661. இரண்டைக் கூட்டினால் 39322. அது இன்ட்16-இல் சுற்றிக்கொண்டு −26214, அதாவது −0.8 ஆகிவிடும். அரே என்பதால் எச்சரிக்கைகூட வராது. எனவே இன்ட்32-க்கு மாற்றிக் கூட்டி, கிளிப் செய்து, திரும்ப இன்ட்16.

பெருக்கலில்தான் பாதிப் பேர் விழுவார்கள். 0.5 × 0.7 என்பது 16384 × 22938. சரியான பெருக்கற்பலன் 37,58,16,192. அதை 15 பிட் வலப்பக்கம் தள்ளினால் 11469, அதாவது 0.35. இரண்டு அரேயும் இன்ட்16 ஆகவே இருந்தால் பெருக்கற்பலனின் கீழ் 16 பிட் மட்டும் மிஞ்சி −32768 கிடைக்கும். தள்ளிய பிறகு முழு எண் −1. விடையை இன்ட்32-க்கு மாற்றிப் பயனில்லை, போன பிட் போனதுதான். பெருக்குவதற்கு முன்பே ஒரு அரேயையாவது அகலப்படுத்துங்கள்.

தள்ளும் முன் 16384 (32768-இல் பாதி) சேர்க்க மறக்காதீர்கள். வெறும் வலத்தள்ளல் எப்போதும் கீழ்ப்பக்கமாகவே வெட்டும். முழு எண் −1-ஐ எத்தனை பிட் தள்ளினாலும் −1தான். ஒரு முறைக்கு அரை பிட் சாய்வு அற்பம். ஆனால் விடை மறுபடி உள்ளே வரும் ஃபில்டரில் அது சேர்ந்து சேர்ந்து நிலையான ஒரு விலகலாகவே உட்கார்ந்துவிடும். கடைசியில் கிளிப் வேண்டும்: −1 × −1 இந்த வடிவத்துக்குள் அடங்காது.

பல பெருக்கற்பலன்களைக் கூட்டுவதென்றால் நேராக இன்ட்64. −1 × −1 இரண்டைக் கூட்டினாலே இன்ட்32 தாண்டிவிடுகிறது. நம்பையின் சம், இன்ட்16 அரேயைத் தானாகவே பெரிய முழு எண்ணில் கூட்டும். இரண்டு அரேக்களைப் பெருக்கிக் கூட்டும் டாட் அப்படிச் செய்யாது, இன்ட்16-இலேயே சுற்றவிடும். சம் சரியாக வந்ததை நம்பி டாட் போட்டவர்களுக்கு அனுதாபங்கள்.

சோதிக்கும்போது அதே கணக்கை ஃப்ளோட்64-இலும் ஓட்டி, வித்தியாசத்தைக் கடைசி பிட் கணக்கில் பாருங்கள். ஒற்றைப் பெருக்கலில், முழுமையாக்கிய கியூ15 உள்ளீடுகளையே இரண்டு பக்கமும் கொடுத்தால், அரை பிட்டுக்கு மேல் வரக்கூடாது; −1 × −1 மட்டும் விதிவிலக்கு, அங்கே கிளிப் ஒரு பிட் குறைக்கும். உள்ளீட்டில் −32768-ஐக் கட்டாயம் போடுங்கள். இன்ட்16-இல் அதற்கு ஆப்ஸ் (குறி நீக்கிய மதிப்பு) எடுத்தாலும் −32768தான் வரும், ஒலியின் உச்ச அளவு தேடுகிற நிரல்கள் பலவும் இங்கேதான் கவிழும்.