ஃப்ளெட்சர் டெஸ்ட்ராயர் மாடல் பண்றவங்களுக்கு

ஃப்ளெட்சர்ங்கிறது ரெண்டாம் உலகப் போர் கால அமெரிக்க டெஸ்ட்ராயர் (போர்க்கப்பல்) வகை. மொத்தம் 175 கப்பல் கட்டுனாங்க, அதனால சும்மா 'ஃப்ளெட்சர்'னு தேடாம எந்தக் கப்பல், எந்த வருஷம், எந்த மாசம்னு முதல்ல முடிவு பண்ணிக்கோங்க. முன்னாடி வந்ததுல பிரிட்ஜ் (கப்பலை இயக்குற மேல்தள அறை) முகப்பு உருண்டையா இருக்கும், பின்னாடி வந்ததுல சதுரம், மாடல் கிட் பாக்ஸ் மேல இருக்கிற படத்தை மட்டும் நம்புனா அங்கேயே சொதப்பல்தான் (நான் சொதப்பியிருக்கேன், ஒட்டுனதைப் பிச்சு எடுக்குறதுக்குள்ள உசுரே போச்சு).

பெஸ்ட் ஆதாரம் யார்டு (கப்பல் கட்டுற, ரிப்பேர் பண்ற தளம்) போட்டோதான். அமெரிக்காவோட மேர் ஐலண்ட் கடற்படை யார்டுல ரீஃபிட் (ரிப்பேர், மாற்ற வேலை) முடிஞ்சதும் எடுத்த படங்கள்ல புதுசா மாத்துன இடத்தையெல்லாம் வெள்ளை வட்டம் போட்டே காட்டியிருப்பாங்க, தேதியும் இருக்கும். அமெரிக்க நேஷனல் ஆர்கைவ்ஸ்ல ஜெனரல் ப்ளானும் (கப்பலோட முழு வரைபடம்) கிடைக்கும், ஆனா ப்ளானும் போட்டோவும் ஒத்துப்போகலன்னா நான் போட்டோ பக்கம்தான்.

பேட்டன் ரூஜ் மியூசியத்தோட யுஎஸ்எஸ் கிட் (USS Kidd) என்ற ஃப்ளெட்சர் கப்பல் 1945 தோற்றத்துல இருக்கு, முன்பக்க டார்பிடோ ட்யூபைக் கழட்டிட்டு 40 எம்எம் துப்பாக்கி வச்சது. 1943 மாடலுக்கு அதைப் பார்த்துக் காப்பி அடிச்சுடாதீங்க.