கடல் தண்ணி ஸ்விம்மிங் பூலுக்கு குடும்பத்தோட போறீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

சுத்தி சுவர் இருக்கு, பெரிய அலை இல்ல, லைஃப்கார்ட் உக்காந்திருக்காரு, அப்புறம் என்ன பயம்னுதான் நிறைய பேர் கடல் தண்ணி பூலுக்கு பிள்ளைங்கள கூட்டிட்டு போறோம். நாங்களும் அப்படித்தான் போனோம். என் அஞ்சு வயசு பொண்ணு அன்னிக்கு அவ்ளோ அழகா மிதந்தா, எங்களுக்கு ஒரே சந்தோஷம், நீச்சல் வந்துடுச்சுன்னு நாங்களும் நம்பிட்டோம், அவளும் நம்பிட்டா. அடுத்த வாரம் சாதா தண்ணி பூல்ல அதே தைரியத்துல ஏணிய விட்டுட்டு கைய விரிச்சா, கீழ போயிட்டா. அவங்க அப்பா கை எட்டுற தூரத்துல நின்னதால உடனே தூக்கிட்டாரு, ஒண்ணும் ஆகல. ஆனா எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

விஷயம் என்னன்னா, கடல் தண்ணில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கு, அதனால சாதா தண்ணிய விட ரெண்டரை சதவீதம் கனம். கேக்க சின்னதா தெரியும், ஆனா 20 கிலோ குழந்தைக்கு அது கிட்டத்தட்ட அரை கிலோ அளவுக்கு மேல தூக்கி விடும். மூச்ச இழுத்து வச்சா மிதக்குறதுக்கும் முழுகுறதுக்கும் நடுவுல இருக்குற உடம்புக்கு அந்த அரை கிலோ ரொம்ப பெருசு. அதனால உப்புத் தண்ணில மிதந்தத வச்சு நீச்சல் தெரியும்னு முடிவு பண்றதுதான் என்னைப் பொறுத்தவரை முதல் தப்பு, பெரிய தப்பும் அதுதான். கைல மாட்டுற காத்து பலூன நம்புறதும் இதே வகைதான், அது கழண்டுடும், காத்து இறங்கிடும், போட வேணும்னா அளவு சரியா இருக்குற லைஃப் ஜாக்கெட் போடுங்க.

அடுத்தது, எட்டு பெரியவங்க சேர்ந்து போயிருப்போம், எட்டு பேரும் இன்னொருத்தர் பாத்துக்குவாங்கன்னு இருப்போம். முழுகுற குழந்தை கத்தும், கைய ஆட்டும்னு நினைக்காதீங்க, அது மூச்சுக்கே போராடும்போது குரல் எங்க வரும்? தலை பின்னால சாஞ்சு, வாய் தண்ணி மட்டத்துல இருக்கும், கை ரெண்டும் பக்கவாட்டுல தண்ணிய அமுக்கும், தூரத்துல இருந்து பாத்தா விளையாடுற மாதிரியே தெரியும், ஒரு நிமிஷத்துக்குள்ள உள்ள போயிடலாம். நாங்க இப்ப பேர் சொல்லி ஒப்படைக்கிறோம். "இப்ப 15 நிமிஷம் சித்தப்பா பாக்குறாரு, அப்புறம் அத்தை." பாக்குறவங்க கைல போன் கிடையாது. லைஃப்கார்ட் மொத்த பூலையும் பாக்கணும், உங்க பிள்ளைய மட்டும் பாக்க அவரால முடியாது.

பூல்னு பேர் இருந்தாலும் சில இடத்துல அது பாதி கடல்தான், இத நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு மோட்டார் வச்சு கடல் தண்ணிய இழுத்து வடிகட்டி நிரப்புறது. இன்னொண்ணு பாறையோரமா சுவர் கட்டி, கடல் ஏறும்போது தானே நிரம்புறது. இந்த ரெண்டாவது வகைல நேரம் பாக்காம போறது தப்பு. பெரும்பாலான கரைங்கள்ல சுமார் 12 மணி 25 நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணி ஏறும், அமாவாசை பௌர்ணமிய ஒட்டி இன்னும் உயரமா ஏறும். அப்ப அலை சுவரத் தாண்டி உள்ள விழும், சுவர் மேல நின்னு போட்டோ எடுக்குறவங்கள வெளிப்பக்கம் இழுத்துட்டு போயிடும். ஏத்த இறக்க நேரத்த முன்னாடியே பாத்துட்டு கிளம்புங்க, கடல் கொந்தளிப்பா இருந்தா அன்னிக்கு வேணாம்.

படியில பாசி வழுக்கும், சுவர்ல ஒட்டியிருக்குற சிப்பி கத்தி மாதிரி கீறும், அதனால தண்ணில போடுற ஷூ இல்லாம பிள்ளைங்கள இறக்காதீங்க. உப்புத் தண்ணி புண்ண ஆத்தும்னு சொல்லிட்டு ஆறாத காயத்தோட இறங்குறாங்க பாருங்க, அது சரியே இல்ல. வெதுவெதுப்பான கடல் தண்ணில விப்ரியோன்னு ஒரு பாக்டீரியா வகை இருக்கும், காயம் வழியா உள்ள போனா சர்க்கரை, கல்லீரல் பிரச்சனை உள்ளவங்களுக்கு ரொம்ப ஆபத்தாகும். உப்பு எல்லா கிருமியையும் கொன்னுடாது. அலையால நிரம்புற பூல்ல பொதுவா மருந்து எதுவும் கலக்குறதில்ல, பலத்த மழை பெஞ்சா சாக்கடை ஓடி வந்து கலக்குறதும் அங்கதான், அதனால மழை விட்டு ஒண்ணு ரெண்டு நாள் தள்ளிப் போங்க. குளோரின் போடுற பூலா இருந்தாலும் வயித்துப்போக்கு இருக்குற குழந்தைய இறக்கவே கூடாது, சில கிருமி குளோரின்லயும் நாள்கணக்கா உயிரோட இருக்கும், நீச்சல் டயபர் அத தடுக்காது. இது நம்ம பிள்ளைக்காக மட்டும் இல்ல, பக்கத்துல குளிக்கிற அடுத்தவங்க பிள்ளைக்காகவும்.

தண்ணி குடிக்கிற விஷயத்துக்கு வரேன். சின்னப் பிள்ளைங்க விளையாடும்போது வாய் வாயா முழுங்கும், பெரியவங்க சிரிச்சுட்டு விட்டுடுவோம். நம்ம கிட்னியால கடல் தண்ணி அளவுக்கு உப்பான சிறுநீர உண்டாக்க முடியாது, அதனால உள்ள போன உப்ப வெளியேத்த உடம்புல இருக்குற நல்ல தண்ணியும் சேர்ந்து போகும், சுத்தி அவ்ளோ தண்ணி இருந்தும் குழந்தை வறண்டு போகும். அரை மணிக்கு ஒரு தடவை வெளிய கூப்பிட்டு குடிதண்ணி குடுங்க. நிறைய முழுங்கி வாந்தி எடுத்து சோர்ந்து போச்சுன்னா டாக்டர்கிட்ட போங்க, முழுகி எழுந்த குழந்தை விடாம இருமினாலோ மூச்சு வாங்கினாலோ வீட்ல வச்சு பாத்துக்கலாம்னு காத்திருக்கவே வேணாம்.

குளிர் பிரதேசத்துல சூடு பண்ணாத பூல்னா தடால்னு குதிக்க விடாதீங்க. 15 டிகிரிக்கு கீழ தண்ணி இருந்தா முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷம் மூச்சு தானா இழுக்கும், அப்ப முகம் தண்ணிக்குள்ள இருந்தா அவ்ளோதான். மெதுவா, படி படியா இறங்கட்டும். உதடு நீலமாச்சுன்னா வெளிய வந்துடணும், இன்னும் அஞ்சு நிமிஷம்னு கெஞ்சினாலும் சரி. யாரு ரொம்ப நேரம் மூச்சடக்குறாங்கன்னு அண்ணன் தம்பிங்க போட்டி வப்பாங்க, அதையும் விடாதீங்க, தண்ணிக்குள்ளயே மயங்கிடுவாங்க. நீள முடிய கட்டி விடுங்க, தண்ணிய உறிஞ்சுற ஓட்டை பக்கத்துல விளையாட வேணாம்.

கண்ணு எரியுதுன்னு பிள்ளைங்க அழுதா அடம்னு நினைக்காதீங்க, நம்ம கண்ணீர விட கடல் தண்ணி கிட்டத்தட்ட நாலு மடங்கு உப்பு, எரியத்தான் செய்யும், நீச்சல் கண்ணாடி மாட்டி விடுங்க. காண்டாக்ட் லென்ஸோட இறங்காதீங்க. சன்ஸ்க்ரீன் எஸ்பிஎஃப் 30க்கு மேல, இறங்க கால் மணிக்கு முன்னாடியே தடவணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பவும், துண்டால துடைச்ச உடனேயும். வெளிய வந்ததும் நல்ல தண்ணில குளிச்சுடுங்க, உப்பு காஞ்சு தொடை இடுக்கு, அக்குள்ல உரசி புண்ணாகும்.

இன்னொண்ணு, நீச்சல் டிரஸ் கலர். கடைல அழகா இருக்குன்னு நீலம், வெள்ளை வாங்கிடுறோம், தண்ணிக்குள்ள அந்த கலர் தெரியவே தெரியாது, கடல் தண்ணி கலங்கலா இருந்தா இன்னும் மோசம். பளிச்சுனு ஆரஞ்சு, இல்ல பிங்க் வாங்குங்க. என் பொண்ணோட நீல டிரஸ்ஸ எடுத்து வச்சுட்டேன், இப்ப அவ ஆரஞ்சுலதான் இறங்குறா, அவங்க அப்பா இன்னும் கை எட்டுற தூரத்துலதான் நிக்கிறாரு.