திமிங்கலத்தின் முதுகில் ஒலிப்பதிவு டேக்: ஒரு முக்குளிப்பைப் படிப்பது எப்படி?

ஸ்பெர்ம் திமிங்கலம் வெளிச்சம் எட்டாத ஆழத்தில் வேட்டையாடுகிறது. கண்ணால் பார்க்க வழியில்லை. ஆனால் அது ஒலி எழுப்பி, எதிரொலி கேட்டுத்தான் இரை தேடும். அந்த ஒலியைப் பதிவுசெய்ய வந்ததுதான் டி-டேக், திமிங்கலத்தின் மேல் ஒட்டும் சிறு பதிவுக் கருவி. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் மார்க் ஜான்சனும் பீட்டர் டையாக்கும் உருவாக்கியது. 2003ல் அதுபற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள்.

ஒட்டும் வேலை அனுமதி பெற்ற ஆய்வாளர்களுடையது. சிறு படகில் நெருங்கி, நீளமான கம்பின் நுனியிலிருந்து முதுகில் வைப்பார்கள். ரப்பர் உறிஞ்சிகள் பிடித்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் டேக் கழன்று மிதக்கும். ரேடியோ சமிக்ஞையைத் தொடர்ந்து போய் எடுக்க வேண்டும். பதிவு முழுக்க அதற்குள்தான், தொலைந்தால் எல்லாம் போச்சு.

நம் வேலை கோப்பு கைக்கு வந்த பிறகு.

முதலில் ஒலியைத் திறக்காதீர்கள். அழுத்த உணரி தரும் ஆழ வரைபடத்தைப் பாருங்கள். எங்கே இறங்கியது, எங்கே அடியில் நின்றது, எப்போது ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் கேட்டால் மணிக்கணக்கில் வெறும் தண்ணீர் இரைச்சல்தான்.

அப்புறம் ஒலிக் கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராமாக (ஒலியின் அதிர்வெண்களை நேரவாரியாகக் காட்டும் படம்) திறந்து, பதினைந்து விநாடி அளவுக்குப் பெரிதாக்குங்கள். செங்குத்துக் கோடுகள் தெரிகிறதா? அவைதான் கிளிக்குகள். அரை விநாடி முதல் ஒரு விநாடிக்கு ஒன்று என்று சீராக வந்தால் தேடுகிறது. திடீரென இடைவெளி சுருங்கி, கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, துருப்பிடித்த கதவுக் கீல் மாதிரி கிறீச்சிட்டால் இரையை நெருங்கிவிட்டது. அந்தக் கிறீச்சு ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் முடிவையும் லேபிள் டிராக்கில் குறியுங்கள்.

இனி அந்த நேரங்களை ஆழ வரைபடத்தில் வையுங்கள். பெரும்பாலானவை முக்குளிப்பின் அடிப்பகுதியில் குவிந்திருக்கும். அதே நொடிகளில், அசைவை அளக்கும் முடுக்கமானியும் உடல் திரும்பியதைக் காட்டினால் சந்தேகம் குறையும். ஒன்று மட்டும்: கிறீச்சு என்பது பிடிக்க முயன்றதற்கு அடையாளம். இரை வாயில் விழுந்ததா என்பது வேறு கேள்வி.

புதியவர்களைக் குழப்புவது பக்கத்துத் திமிங்கலத்தின் கிளிக்தான். டேக்கில் இரண்டு ஹைட்ரோஃபோன் (நீருக்கடி மைக்) இருந்தால் வந்த திசையைப் பாருங்கள். டேக் சுமக்கும் விலங்கின் கிளிக் எப்போதும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் வரும்; மற்றவற்றின் கோணம் மாறிக்கொண்டே போகும். முடிவெடுக்க முடியாததைத் தனி லேபிளில் போடுங்கள். பிறகு நீங்கள் குறித்த பதிவில் ஒரு பத்து நிமிடத்தை, உங்கள் குறிகளைக் காட்டாமல், இன்னொருவரிடம் கொடுத்துக் குறிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள்.