சீனப் புத்தாண்டுக்கு அண்டை வீட்டுக்குச் செல்லும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில், தலைமுறை தலைமுறையாகப் பழகிய சீனக் குடும்பத்தாரின் வீட்டுக்குப் புத்தாண்டு நாளில் செல்பவர்கள், மாண்டரின் ஆரஞ்சுப் பழங்களை இரட்டைப்படையில் எடுத்துச் செல்ல வேண்டும். ஆனால் நான்கு வேண்டாம், ஏனெனில் சீன மொழியில் அவ்வெண்ணின் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லை ஒத்திருக்கிறது. கண்டோனீஸ் பேச்சில் அப்பழத்தின் பெயர் 'கம்'. பொன்னுக்கும் அதே ஒலி என்பதால், நீங்கள் கொடுப்பது செல்வம் பெருகட்டும் என்னும் வாழ்த்தே ஆகும். இரு கைகளாலும் நீட்டுங்கள். விடைபெறும்போது வீட்டார் வேறு இரண்டு பழங்களைத் திருப்பித் தருவார்கள். மறுக்காதீர்கள் (நம் தாம்பூலப் பைதான் எனக்கு நினைவுக்கு வரும்). கறுப்பும் வெள்ளையும் துக்க நிறங்கள், தவிர்க்கவும். பிள்ளைகள் பெறும், பணம் வைத்த சிவப்பு அங்பாவ் உறையை அங்கேயே பிரிக்க விடாதீர்கள். முதல் நாள் வாய்க்காவிட்டால், 15ஆம் நாளான சாப் கோ மே வரை செல்லலாம்.