மொட்டை மரத்தில் தொடங்குங்கள்: ஏற்காட்டுச் சாலையில் மரம் வரையப் பழகலாம்

மரம் வரையச் சொன்னால் பெரும்பாலானோர் இரண்டு கோட்டில் அடிமரத்தைப் போட்டு, அதன் தலையில் பச்சையாக ஒரு குவியலை வைத்துவிடுகிறார்கள். உள்ளே கிளை எப்படி ஓடுகிறது என்று தெரியாததால்தான் அந்த இலைக் குவியல் மரத்தோடு ஒட்டாமல் நிற்கிறது. அதனால் இலை இல்லாத மரத்தில்தான் பழக வேண்டும் என்பேன்.

மாசி, பங்குனியில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினால் மொட்டை மரம், இலை மரம் என இரண்டு வகையையும் ஒரே சாலையில் பார்த்துவிடலாம். அடிவாரத்துச் சரிவுகளில் வாகை, ஒதியம் போன்றவை இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். மேலே காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் பச்சையாகவே இருக்கும். குளிர்நாட்டு மரங்கள் பகல் குறுகிக் குளிர் வரும்போது இலையை உதிர்க்கின்றன. நம் பக்கத்து மரங்கள் வறண்ட மாதங்களில் தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்ள உதிர்க்கின்றன. மார்கழியில் போய்த் தேடினால் ஏமாந்துதான் போவீர்கள். பின்பனிக் காலம்தான் சரி.

ஒரு எச்பி பென்சில், அதைவிடக் கருமையாக எழுதும் ஒரு 4பி பென்சில், ரப்பர், கொஞ்சம் சொரசொரப்பான தாள், அடியில் வைக்க ஓர் அட்டை. இவை போதும். கொண்டை ஊசி வளைவுகளில் நின்று வரைய வேண்டாம். அடிவாரத்திலேயே நல்ல மரங்கள் கிடைக்கும்.

படி 1: மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒதிய மரத்தைத் தேடுங்கள். ஒதி பெருத்தால் உத்தரமாகுமா என்று அதை ஏளனமாகச் சொல்வதுண்டு. ஆனால் வரையப் பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்ல மரம் எனக்குத் தெரியாது. நுனிக்கிளைகூடத் தடிமனாக இருக்கும்; சிக்கலான மெல்லிய குச்சிகள் குறைவு. வாகையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். இலை போன பிறகும் காய்ந்த நெற்றுகள் தொங்கிக்கொண்டிருப்பதால் அதில் கண் குழம்பும்.

படி 2: சாய்வும் அளவும்

கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, மரத்தின் உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிட்டுத் தாளில் மெல்லிய பெட்டி ஒன்று போடுங்கள். அடிமரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு ஒரே ஒரு கோடு.

படி 3: கிளைகள்

நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். கிளை ஆரம்பத்திலிருந்து நுனிவரை ஒரே சீராகக் கூம்பிக்கொண்டே போகும் என்று நினைத்து வரைவோம். உற்றுப் பாருங்கள்: ஒரு கவைக்கும் (கிளை பிரியும் இடம்) அடுத்த கவைக்கும் நடுவே தடிமன் அவ்வளவாகக் குறைவதில்லை. பிரியும் இடத்தில்தான் குறைகிறது. எவ்வளவு என்பதற்கு லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பேட்டில் ஒரு கணக்கு எழுதியிருக்கிறார்: எந்த உயரத்திலும் கிளைகளை எல்லாம் ஒன்றுசேர்த்தால் அடிமரத்தின் பருமனுக்குச் சமம். குறுக்குவெட்டுப் பரப்பில் கணக்குப் போட்டால், தாளில் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரம் இரண்டு சமக் கிளையாகப் பிரியும்போது ஒவ்வொன்றும் 7 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். எல்லா மரமும் இதற்கு அப்படியே கட்டுப்படாது. ஆனாலும் கை பழகும்வரை இந்த அளவு நன்றாக உதவும்.

கவையின் உட்புறத்தையும் கவனியுங்கள். அங்கே பட்டை நெருக்குண்டு மடிந்து, வளைந்த வரியாகத் தெரியும். அந்த வரியை 4பி பென்சிலால் அழுத்திப் போட்டாலே கிளை மரத்திலிருந்து முளைத்ததாகத் தோன்றிவிடும். அப்புறம், கிளைகள் இடமும் வலமும் மட்டும் போவதில்லை. நம்மை நோக்கி நீளும் கிளை ஒன்றாவது இருக்கும். அதைக் குட்டையாக, மற்றதன்மேல் ஏறி நிற்பதாக வரையுங்கள்.

படி 4: வானத் துண்டுகள்

கிளைகளை மறந்துவிட்டு, அவற்றுக்கு நடுவே தெரியும் வானத்தின் வடிவங்களைப் பாருங்கள். அங்கே ஒரு கோணல் முக்கோணம் தெரிந்து, உங்கள் தாளில் அது சதுரமாக இருந்தால், பக்கத்துக் கிளை தப்பு. நுனிக் குச்சிகளை ஒவ்வொன்றாக வரையாமல் பென்சிலைப் படுக்க வைத்து லேசாகத் தேய்த்தால் போதும்.

படி 5: இலை மரம்

இதற்குச் சித்திரை, வைகாசியில் ஒரு சாலையோரப் புளியமரத்தைப் பிடியுங்கள். மொட்டை மரத்தின் அழகு கோட்டில் என்றால், இதன் அழகு நிழலில். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இலைகள் மறைந்து, மேலே வெளிச்சமும் அடியில் இருட்டுமாகச் சில திரள்கள் தெரியும். அவற்றை மட்டும் மூன்று அழுத்தத்தில் நிரப்புங்கள். நடுவே சில ஓட்டைகளை விடுங்கள். அவற்றின் வழியே கிளை கருப்பாகக் குறுக்கே ஓட வேண்டும். இலை மரம் பார்த்தவுடனே மனத்தைப் பிடித்துவிடும், உண்மைதான். எனக்கு என்னவோ வெறும் கிளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதில்தான் அலுப்பே வருவதில்லை.

படி 6: இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்

ஆடி, ஆவணியில் அதே ஒதிய மரத்திடம் போங்கள். பழைய படத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து, இலைத் திரள்களை மட்டும் அதில் போடுங்கள். ஒதியத்துக்குக் கிளை நுனியில்தான் இலை கொத்தாக வரும். அதனால் ஒவ்வொரு திரளும் எந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கிறது என்று கீழ்த்தாளிலேயே தெரியும். கிளை இல்லாத இடத்தில் திரள் போட்டிருந்தால் அதை மட்டும் அழித்துத் திருத்துங்கள்.