அம்மோனியாக் கணக்கைத் தாளிலும் பைத்தானிலும் போடுவது எப்படி?

மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) கணக்கையும் பைத்தான் என்னும் நிரல்மொழியில் நிரல் எழுதுவதையும் ஒரே காலத்தில் கற்கத் தொடங்கும் மாணவர், இரண்டுக்கும் பொதுவாக ஒரு பயிற்சிக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். வினைக்கட்டுப்பாட்டுக் காரணியை, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருளை, கண்டறியும் கணக்கு இதற்கு மிகவும் ஏற்றது. வகுத்தல், ஒப்பிடுதல், தேர்ந்தெடுத்தல் ஆகிய மூன்றும் அதில் வருகின்றன.

56 கிராம் நைட்ரஜனும் 10 கிராம் ஹைட்ரஜனும் வினைபுரிந்தால் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும், எது எவ்வளவு மிஞ்சும் என்பது கேள்வி. வினை முழுமையாக நிகழ்வதாகக் கொள்வோம். உண்மையில் இது மீள்வினை (விளைபொருள் மீண்டும் வினைபொருளாக மாறும் வினை) என்பதால் ஆலைகளில் அப்படி நிகழ்வதில்லை.

முதலில் தாளில் போட வேண்டும். சமன்செய்த சமன்பாட்டின்படி 1 மோல் நைட்ரஜன் 3 மோல் ஹைட்ரஜனுடன் சேர்ந்து 2 மோல் அம்மோனியாவைத் தருகிறது. மோலார் நிறைகள் (ஒரு மோலின் நிறை, கிராமில்) முறையே 28, 2, 17 என்பதால், கையிலிருப்பது 2 மோல் நைட்ரஜனும் 5 மோல் ஹைட்ரஜனும் ஆகும். இரண்டு ஐந்தைவிடச் சிறியது என்று நைட்ரஜனைத் தேர்ந்தெடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஒவ்வொரு மோல் அளவையும் அதன் குணகத்தால் (சமன்பாட்டில் அதன் முன் நிற்கும் எண்ணால்) வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும்: நைட்ரஜனுக்கு 2, ஹைட்ரஜனுக்கு 1.667. ஆகவே முதலில் தீர்வது ஹைட்ரஜன். அம்மோனியா 3.333 மோல், அதாவது 56.67 கிராம், மிஞ்சும் நைட்ரஜன் 9.33 கிராம்.

இனி நிரலுக்கு வருவோம். பைத்தான் 3 மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும் என்பதால், தாளில் எழுதிய வரிகளை ஏறக்குறைய அப்படியே எழுதலாம்:

நைட்ரஜன்_அளவு = நைட்ரஜன்_நிறை / 28 / 1
ஹைட்ரஜன்_அளவு = ஹைட்ரஜன்_நிறை / 2 / 3

இவ்விரண்டில் சிறியதைத் தேர்ந்து வினை_அளவு என்னும் மாறியில் வைத்தால், மற்ற வரிகள் அதிலிருந்தே பிறக்கும்:

அம்மோனியா_நிறை = வினை_அளவு * 2 * 17
நைட்ரஜன்_மிச்சம் = நைட்ரஜன்_நிறை - வினை_அளவு * 1 * 28
ஹைட்ரஜன்_மிச்சம் = ஹைட்ரஜன்_நிறை - வினை_அளவு * 3 * 2

விசைப்பலகையிலிருந்து பெறும் நிறை பைத்தானுக்கு வெறும் எழுத்துச்சரமே. அதைத் தசம எண்ணாக மாற்றாமல் வகுக்க முயன்றால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். நின்றுவிடும் பிழையைப் பற்றிக் கவலையில்லை. நிற்காமல் தவறான விடையைத் தருவதுதான் ஆபத்து, அதற்காகவே நிரலின் முடிவில் மூன்று சோதனைகளைச் சேர்க்க வேண்டும்.

முதலாவது நிறை அழிவின்மை: அம்மோனியாவும் இரு மிச்சங்களும் சேர்ந்து 66 கிராம் ஆக வேண்டும். மேலே 56.67, 9.33, 0 ஆகியவற்றின் கூட்டுத்தொகை அவ்வாறே வருகிறது. நைட்ரஜன் இரண்டு அணுக்கள் கொண்ட மூலக்கூறு என்பதை மறந்து எல்லா இடத்திலும் 14 என்று எழுதியிருந்தால், மொத்தம் 89.33 கிராம் என வந்து தவறு வெளிப்படும். ஆயினும் இச்சோதனை மட்டும் போதாது. தவறாக நைட்ரஜனையே கட்டுப்பாட்டுக் காரணியாகத் தேர்ந்தால் அம்மோனியா 68 கிராம், ஹைட்ரஜன் மிச்சம் கழித்தல் 2 கிராம். கூட்டினால் அதே 66! எனவே எந்த மிச்சமும் எதிர்க்குறி பெறக்கூடாது என்பது இரண்டாவது சோதனை. சாய்கோடு ஒன்றுக்குப் பதில் இரண்டு இட்டு முழுஎண் வகுத்தல் செய்துவிட்டால் 1.667 என்பது 1 ஆகிவிடும். அப்போது 28 கிராம் நைட்ரஜனும் 4 கிராம் ஹைட்ரஜனும் மிஞ்சும், மொத்தமும் பொருந்தும், எதிர்க்குறியும் இராது. ஆகவே ஒரு மிச்சமாவது சுழியாக இருக்க வேண்டும் என்பது மூன்றாவது. இங்கே நேரடியாகச் சுழியோடு ஒப்பிடக்கூடாது. தசம எண்களில் நுண்ணிய எச்சம் தங்கக்கூடும் என்பதால், 0.000001-ஐவிடக் குறைந்தால் சுழி எனக் கொள்க.

பிறகு தரவை மாற்றிப் பார்க்க வேண்டும். முதல் கணக்கில் கிராமை மட்டும் ஒப்பிட்டவருக்கும் தற்செயலாக ஹைட்ரஜன் என்றே சரியான விடை கிடைத்திருக்கும். 28 கிராம் நைட்ரஜனும் 10 கிராம் ஹைட்ரஜனும் கொடுத்தால் அந்தக் குறுக்குவழி தோற்கும்: இங்கே தீர்வது நைட்ரஜன், கிடைப்பது 34 கிராம் அம்மோனியா, மிஞ்சுவது 4 கிராம் ஹைட்ரஜன். இறுதியாக 28 கிராமுக்கு 6 கிராம் கொடுங்கள். இரண்டும் ஒருசேரத் தீரும் அந்நிலையிலும் நிரல் 34 கிராம் என்றே சொல்ல வேண்டும்.